கூட்டமாக வெளிநாடு போகிறோம், பெட்டியை எப்படிக் குறைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிற விடுமுறையில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எங்கள் தெருக்காரர்களும் உறவுக்காரர்களுமாக 15 பேர் மலேசியா, சிங்கப்பூர் போகிறோம். வேனில் திருச்சி, அங்கிருந்து விமானத்தில் கோலாலம்பூர், மூன்று நாள் கழித்து பஸ்ஸில் சிங்கப்பூர், மொத்தம் ஆறு ராத்திரி. போன தடவை இதே வழியில் 11 பேர் போய்வந்தோம். கூட்டிப்போன பொறுப்பு என்னுடையது என்பதால் இந்தத் தடவையும் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். பாம்பனிலிருந்து மதினி ஒரு கேள்வி, கீழக்கரையிலிருந்து என்னோடு வேலை பார்த்த ராத்தா ஒரு கேள்வி, ராத்திரி பத்து மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜில் சித்தப்பா ஒரு கேள்வி. பதிலை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

கேள்வி: ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ?

ஏழு. நிறைய விமானங்களில் கையோடு கொண்டுபோகிற பைக்கு 7 கிலோதான் கணக்கு, நாமும் அதையே வைத்துக்கொள்வோம். அது போக 15 பேருக்கும் பொதுவாக மூன்று பெரிய பெட்டி மட்டும் செக்-இன்னில், அதாவது விமானத்தின் அடியில் போகிற சாமானாகப் போடுவோம், அதற்கு மட்டும் காசு கட்டியிருக்கிறது.

கேள்வி: ஆளுக்கு 20 கிலோ கட்டிக்கொண்டால் நிம்மதியாகப் போகலாமே, எதற்கு இவ்வளவு கண்டிப்பு?

போன தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். விமான நிலையத்தில் தள்ளுவண்டி இருக்கிறது, வேனில் டிரைவர் ஏற்றிவிடுவார், அப்புறம் என்ன என்று. என் பெட்டி 21 கிலோ. கஷ்டம் வந்தது விமானத்தில் இல்லை, பஸ்ஸில்.

கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஜோகூர் பாருவில் மலேசியக் குடிநுழைவு (இமிக்ரேஷன்), அதை முடித்துக் கடல்மேல் போட்ட பாதையைத் தாண்டினால் உட்லண்ட்ஸில் சிங்கப்பூர்க் குடிநுழைவு. அந்தப் பாதை 1924இல் திறந்தது, ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், நம்ம பாம்பன் ரயில் பாலத்தில் பாதி நீளம், கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனால் சிங்கப்பூர்ப் பக்கம் இறங்கும்போது பஸ்ஸுக்கு அடியில் இருக்கிற எல்லாப் பெட்டியையும் இறக்கி, கூடவே இழுத்துக்கொண்டு மேலே ஏறி, வரிசையில் நின்று, ஸ்கேனில் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் எடுத்து, மறுபடி கீழே வந்து பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பஸ்ஸும் ரொம்ப நேரம் நமக்காக நிற்காது.

அன்றைக்கு எங்கள் அத்தைக்கு முட்டி வலி. அவர்களுடைய பெட்டியை நான் தூக்கியிருக்க வேண்டும், என் பெட்டியே என்னால் முடியவில்லை. தம்பி மகன், 17 வயசு, ஒன்றும் சொல்லாமல் மூன்று பெட்டியையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் உள்ளங்கையைப் பார்த்தேன், கைப்பிடி பதிந்து குறுக்கே சிவப்பாக ஒரு கோடு, ஒரு இடத்தில் தோல் கிளம்பியிருந்தது. என் பெட்டியில் பாதி எடை நான் ஆறு நாளும் தொடாத துணி. கூட்டமாகப் போகும்போது நம் பெட்டியை நாமே தூக்க முடியவில்லை என்றால், கூட்டத்தில் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒரு ஆள் அதைத் தூக்குவார். தனியாகப் போனால் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டுங்கள், எங்களோடு வந்தால் ஏழு கிலோ.

கேள்வி: கட்டி முடித்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குங்கள். யாரும் கை கொடுக்கக்கூடாது. நடுவில் கீழே வைத்தீர்கள் என்றால் பிரித்துக் குறையுங்கள்.

கேள்வி: எடை போட வீட்டில் மெஷின் இல்லையே?

நம்ம ஊரில் தராசுக்கா பஞ்சம்! நண்டு கம்பெனியில் கூடையைத் தொங்கவிட்டு எடை போடுகிற டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பையோடு எங்கள் திண்ணைக்கு வாருங்கள். கொக்கியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மேலே பாலிதீன் சுற்றியிருக்கிறேன், வாடை ஒட்டாது. வர முடியாதவர்கள் வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷின் இருந்தால் பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்ன பை வாங்குவது? டிராலியா, தோளில் மாட்டுகிறதா?

புதிதாக எதுவும் வாங்கவேண்டாம் என்பது என் எண்ணம். சின்ன டிராலி பெட்டியே காலியாக இரண்டரை, மூன்று கிலோ வரும், ஏழில் அதுவே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை ஒரு கிலோகூட வராது, ஆறு கிலோ சாமான் வைக்கலாம். தோள் வலி, முதுகு வலி உள்ளவர்கள் மட்டும் டிராலி எடுங்கள், ஜிப்பும் சக்கரமும் நன்றாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

ஜவுளிக்கடைக் கட்டைப்பையை மட்டும் போகும்போது கையில் பிடிக்காதீர்கள். வாய் திறந்த பை, ஸ்கேனில் கவிழ்ந்தால் எல்லாம் கொட்டும். மடித்து அடியில் வையுங்கள், திரும்பும்போது வேலை இருக்கிறது.

கேள்வி: எத்தனை செட் துணி?

போட்டிருப்பதோடு சேர்த்து நாலு. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க ஒரே மாதிரி வெக்கை, நினைத்த நேரத்தில் மழை. காட்டன், காட்டன் கலந்த மெல்லிய துணி போதும். ஒரு ஜீன்ஸே முக்கால் கிலோ இழுக்கும், நனைந்தால் காயாது, போட்டுக்கொண்டு வருவதானால் சரி, பைக்குள் வேண்டாம்.

ஆண்கள் ஒரு கைலி எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி உடுத்த, ஏசி குளிரில் போர்த்த, அவசரத்துக்குத் துண்டாக என்று அந்த ஒரு கைலி மூன்று சாமானுக்குச் சமம். பெண்கள் சேலைதான் வசதி என்றால் இரண்டு சேலை, இரண்டு சுடிதார் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டுச்சேலை வேண்டாம். எடை ஒரு பக்கம், வேர்வையில் கறை பிடித்தால் மனசு தாங்காது.

கேள்வி: துவைத்தால் காயுமா?

இது நல்ல கேள்வி, போன தடவை இதில் நிறையப் பேர் ஏமாந்தோம். நம்ம ஊரில் கடல்காற்றில் கொடியில் போட்டுவிட்டு உலை வைத்து இறக்குவதற்குள் துணி முறுகிவிடும். அங்கே ஹோட்டல் பாத்ரூமில் தொங்கவிட்டால் விடிந்தும் ஈரம் சொட்டும், காற்றே கிடையாது. அதற்கு வழி இருக்கிறது. துவைத்துப் பிழிந்த துணியை ஹோட்டல் கொடுக்கிற பெரிய துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது மாதிரி இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்குங்கள், தண்ணீர் முக்கால்வாசி துண்டுக்குப் போய்விடும். அப்புறம் ஏசி காற்று படுகிற இடத்தில் கட்டிய கொடியில் போட்டால் காலையில் உடுத்தலாம். கொடிக்கு வலைக்கயிறு மூன்று மீட்டர் போதும், உள்ளங்கைக்குள் அடங்கும், எவ்வளவு எடையும் தாங்கும். அறைக்கு ஒன்று நான் வெட்டித் தருகிறேன்.

கேள்வி: எல்லா போட்டோவிலும் ஒரே சேலையா இருக்காதா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மதினி, இதைக் கேட்டதற்குச் சங்கடப்படவே வேண்டாம், போன தடவை என் 21 கிலோவில் பாதி இந்த ஒரு நினைப்பில் கட்டியதுதான். வாழ்நாளில் ஒரு தடவை போகிறோம், நன்றாக உடுத்தி நிற்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஒரு நல்ல சேலையை எடுத்துக்கொண்டு, குழு போட்டோ எடுக்கப் போகிற நாளுக்கென்று வையுங்கள். மற்ற நாளுக்கு இரண்டு துப்பட்டாவை மாற்றி மாற்றிப் போட்டாலே வேறு உடுப்பு மாதிரி தெரியும். அக்காவும் தங்கையும் ஒரே அளவு என்றால் நாலும் நாலும் எட்டு, மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? புளிக்குழம்பு, பொடி, ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொள்ளட்டுமா?

எடை ஏறுவது முக்கால்வாசி இந்தப் பயத்தில்தான். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, இரண்டு இடத்திலும் தெருவுக்குத் தெரு நம்ம சாப்பாடு, வாழை இலை போட்டே பரிமாறுவார்கள். இட்லி தோசைக்கும் குறைவில்லை. சிங்கப்பூரில் தமிழ் நாலு ஆட்சி மொழிகளில் ஒன்று, ரயில் நிலையப் பலகையிலேயே தமிழ் இருக்கும், கேட்டு வாங்கிச் சாப்பிட மொழிக் கஷ்டமும் இல்லை. ராத்தா கேட்டதற்குப் பதில்: ஹலால் மலேசியாவில் எங்கும் கிடைக்கும், சிங்கப்பூரில் கடையில் ஹலால் முத்திரை பார்த்து உட்காருங்கள்.

ஆகவே அரிசி வேண்டாம், குழம்பு வேண்டாம். வயிறு சரியில்லாத பெரியவர்களுக்காக அவல், பருப்புப்பொடி, கொஞ்சம் முறுக்கு என்று மொத்தம் இரண்டு கிலோ பொதுப்பெட்டியில் வைக்கிறேன், அது 15 பேருக்கும்.

தனியாக எடுத்துவருகிறவர்கள் சில சாமானைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். முதலில் கசகசா. சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுபோகக்கூடாது, துபாய்க்கும் கூடாது. அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த கறிமசாலாவில் கசகசா சேர்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதனால் மசாலாப் பொடியே வேண்டாம் என்கிறேன். அடுத்தது கொப்பரை. எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும் பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள், விமானத்துக்கு ஆகாது. உப்புக்கண்டம், வீட்டில் வறுத்த கறி இதெல்லாம் சிங்கப்பூர் எல்லையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கைப்பையில் வந்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே நின்றுவிடும்.

கருவாடு? நெத்திலியும் வாளையும் கேட்டு அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்கள், தெரியும். எத்தனை பை போட்டுக் கட்டினாலும் பொதுப்பெட்டிக்குள் 15 பேர் சாமானிலும் அந்த வாசம் ஏறும். வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பொட்டலம் தருகிறார்கள், அவர்கள் மகன் வந்து வாங்கிக்கொள்வானாம். மறுக்க முடியவில்லையே?

மறுத்துவிடுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள், அவள் விடமாட்டேன் என்கிறாள் என்று. நம்ம கடற்கரையில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், கொடுத்துவிடுகிற பழக்கம் காலங்காலமாக இருக்கிறது, கொடுப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர்தான் உள்ளே இருப்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டம் இருக்கிறது, எனக்குத் தெரியாது, கொடுத்துவிட்டார்கள் என்பது அங்கே எடுபடாது. ஒட்டிய டப்பா, தைத்த பை, சீல் வைத்த மாவுப் பொட்டலம் எதையும் தொடாதீர்கள். கண் முன்னால் பிரித்துக் காட்டி, நம் கையால் மடித்து வைக்கிற ஒரு சேலையோ புத்தகமோ என்றால் அது வேறு, அதுவும் உங்கள் ஏழு கிலோவுக்குள்.

இதே காரணத்துக்காகப் பொதுப்பெட்டி மூன்றையும் யார் பெயரில் போடுகிறோமோ அவர்களே உட்கார்ந்து அடுக்க வேண்டும். ஓரத்தில் இடம் இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் எதையும் செருகக்கூடாது.

கேள்வி: சொந்தக்காரர்கள் வீட்டுக்குச் சங்கு, சிப்பி, ராமேஸ்வரம் தீர்த்தம் கொண்டுபோகலாமா?

பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதுவும் கூடவே கூடாது, காய்ந்ததும் சேர்த்துத்தான். இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவே. சங்கு, சிப்பி வகையிலும் சிலது அந்தப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் நின்று எது எந்த வகை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது, அதனால் கடலிலிருந்து வந்த எதுவும் வேண்டாம். நம் கடல் நம் கடலிலேயே இருக்கட்டும்.

தீர்த்தம் என்றால் 100 மில்லி பாட்டிலில், மூடியில் டேப் சுற்றி, பொதுப்பெட்டிக்கு. சூடம், தீப்பெட்டி எந்தப் பையிலும் வைக்க முடியாது. கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கிற பத்துமலை முருகனுக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே 272 படி, படி முழுக்கக் குரங்கு, கையில் தொங்குகிற பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். வெறுங்கையோடு ஏறுங்கள், முட்டி மறைகிற உடுப்பு போடுங்கள்.

கேள்வி: மாத்திரை எங்கே வைப்பது?

கையில். சுகர், பிரஷர் மாத்திரை ஏழு நாளைக்கு மேல் மூன்று நாள் கூடுதலாக, அட்டையோடு. கலந்து டப்பாவில் கொட்டாதீர்கள், எது என்ன என்று கேட்டால் சொல்ல முடியாது. டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். இன்சுலின் செக்-இன் பெட்டிக்குப் போகவே கூடாது, அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிங்கப்பூருக்கு முன் அனுமதி வாங்கித்தான் கொண்டுபோக முடியும், அப்படி யாராவது சாப்பிட்டால் இப்போதே சொல்லுங்கள். காய்ச்சல் மாத்திரை, உப்புக்கரைசல் பொட்டலம், கட்டுத்துணி எல்லாம் பொதுவாக ஒரு பையில் நான் கொண்டுவருகிறேன், தனித்தனியாக வாங்க வேண்டாம்.

கேள்வி: எண்ணெய், ஷாம்பு?

கைப்பையில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பிடிக்கிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள். கடையில் தொங்குகிற பாக்கெட் ஷாம்பு ஆறு வாங்கினால் கதை முடிந்தது. தேங்காய் எண்ணெய் அறைக்கு ஒரு சின்ன பாட்டில்.

கேள்வி: சார்ஜர், பவர் பேங்க்?

மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் மூன்று தட்டைக் கால் உள்ள பிளக், நம்ம உருண்டைக் கால் நுழையாது. மாற்றுவதற்கு அடாப்டர் அறைக்கு ஒன்று, அதில் நம்ம மல்டி-பிளக் ஒன்றைச் சொருகினால் நாலு போன் ஏறும். மின்சாரத்தின் அளவு நம்ம வீட்டு மாதிரிதான். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், செக்-இன்னில் போட்டால் பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். 20,000 மில்லி ஆம்பியர் ஹவர் (mAh) வரை பிரச்சினை இல்லை. பறக்கும்போது அதில் சார்ஜ் போட இப்போது பல விமானங்களில் விடுவதில்லை, வீட்டிலேயே போனை முழுதாக ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: வெற்றிலை போடாமல் அப்பத்தாவால் இருக்க முடியாதே?

வெற்றிலையோடு மெல்லுகிற புகையிலை சிங்கப்பூரில் தடை, பொட்டலம்கூடக் கூடாது. சூயிங்கமும் 1992 முதல் உள்ளே கொண்டுபோக முடியாது. சிகரெட்டுக்கு ஒன்றுக்குக்கூட வரிவிலக்கு இல்லை, வேப் என்கிற மின்சிகரெட் அறவே தடை. அப்பத்தாவுக்குச் சோம்பும் கிராம்பும் ஒரு டப்பியில் போட்டுக்கொடுங்கள், இப்போதிருந்தே பழக்கினால் நல்லது.

கேள்வி: பாஸ்போர்ட் எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன், அக்கா?

மாட்டேன். ஒரு பை தொலைந்தால் 15 பேரும் நடுத்தெருவில் நிற்போம். ஆளுக்கு அவரவர் பாஸ்போர்ட், உடம்போடு ஒட்டிய சின்னப் பையில். நகல் ஒன்று இன்னொருவர் பையில், போட்டோ ஒன்று என் போனில். போகிற தேதியிலிருந்து ஆறு மாதம் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம், காசு கேட்கிற தளத்தில் நுழையாதீர்கள். உட்கார்ந்து எல்லாருக்கும் நானே போட்டுத்தருகிறேன்.

கேள்வி: கைக்குழந்தைக்கு?

டயப்பர் இரண்டு நாளைக்கு மட்டும், மிச்சம் அங்கே வாங்கலாம். பால் பவுடர் மட்டும் ஏழு நாளைக்கும் நம்முடையதே, மாற்றினால் வயிறு கேட்காது. குழந்தைக்கு 7 கிலோ கணக்குப் பொருந்தாது, அந்தக் குடும்பத்துச் சாமானை நாங்கள் பிரித்து எடுத்துக்கொள்வோம், அதற்குத்தான் மற்றவர்கள் குறைப்பது.

கேள்வி: குடை, ஸ்வெட்டர்?

மடக்குக்குடை இரண்டு பேருக்கு ஒன்று. ஸ்வெட்டர் ஒரே ஒரு நாளுக்குத்தான், கோலாலம்பூர் பக்கத்துக் கெந்திங் மலைக்கு. அது நம்ம கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் உயரம் குறைவு, கடலோரத்து ஆட்களுக்குச் சில்லென்று இருக்கும். ஒரு சால்வை போதும், பஸ் ஏசிக்கும் அதுவே.

கேள்வி: திரும்பும்போது சாமான் பெருகுமே?

பெருகும், அது தெரிந்துதான் பொதுப்பெட்டி மூன்றும் போகும்போது பாதி காலியாகப் போகிறது. கோடாலித் தைலம், சாக்லேட், பிள்ளைகளுக்கு ஏதாவது என்று வாங்காமல் யாரும் வரப்போவதில்லை, வாங்குங்கள். வாங்குவதை மட்டும் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி வைத்துக்கொள்வோம், அப்போதுதான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தைலம் கைப்பையில் வேண்டாம், பாட்டிலை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டி நடுவில். ஆளுக்கு மூன்று கிலோ கணக்கு, கொக்கித் தராசும் என்னோடு வருகிறது, ஹோட்டல் அறையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். கட்டைப்பையை அப்போது எடுங்கள், வேனில் ஊர் வரும்போது சாப்பாடும் தண்ணீரும் அதில்.